காடியின் வயிற்றில் எழுதிய ஊர்

ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும். தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய கைக்கடிகாரம், ரேடியோ, துருப்பிடித்த ஸ்பேனர், செல்லாத நாணயம், நடுவில் ஒரு கூடை நிறைய பொம்மைக் காடிகள். முன்னால் குந்தியிருக்கும் ஆளுக்கு நாற்பது, ஐம்பது வயது இருக்கும். ஒரு காடியை எடுப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், நிறத்தைப் பார்க்க மாட்டார். நேராகக் கவிழ்த்து வயிற்றைப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படிப்பார். விலை பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

வயிற்றில் இருப்பது மூன்று நான்கு வரி. காடியின் பெயர், மேட்டல் நிறுவனத்தின் பெயர், பதிப்புரிமைக் குறியோடு ஓர் ஆண்டு, கடைசியில் ஒரு நாட்டின் பெயர். 1980களிலும் 90களிலும் வந்த ஹாட் வீல்ஸ் காடிகளில் மிகப் பலவற்றில் அந்த நாடு மலேசியா. எனக்கு இதைப் படிக்கும்போது கோயில் கல்வெட்டுகள் ஞாபகம் வரும். மன்னன் பெயர் இருக்கும், ஆட்சியாண்டு இருக்கும், நாடு இருக்கும். உளி பிடித்தவன் எந்த ஊர்க்காரன் என்பது பெரும்பாலும் இருக்காது.

பழைய அமெரிக்க மசில் கார்களின் சிறு உருவங்கள் எவ்வளவு தூரம் அசலோடு ஒத்துப்போகின்றன என்பது சேகரிப்பாளர்களுக்குள் தீராத சண்டை. கூரை தாழ்ந்திருக்கிறது, சக்கரம் பெரிதாக இருக்கிறது, முன்கிரில்லில் ஒரு கம்பி குறைகிறது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன், சுவாரசியமான சண்டைதான். ஆனால் அந்தக் காடிகளை வார்த்த ஊர்ப்பக்கம் பிறந்தவனுக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது: இந்த உருவம் எதற்கு உண்மையாக இருக்கிறது? டெட்ராய்டுக்கா, பிறைக்கா?

முதலில் டெட்ராய்டைப் பேசிவிடுவோம். மசில் கார் என்றால், நடுத்தர அளவில், இரண்டு கதவோடு, அதிக விலையில்லாத ஓர் அமெரிக்கக் காடிக்குள் அதன் உடம்புக்கு மீறிய ஒரு வி8 எஞ்சினைத் திணித்தால் வருவது. 1964-இல் போன்டியாக் நிறுவனம் தன் ‘டெம்பஸ்ட் லெமான்ஸ்’ காடியில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்த அளவுக் காடிகளுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தில் ஒரு விதி இருந்தது. ஜான் டெலோரியனும் சகாக்களும் அதைப் புது மாடல் என்று சொல்லாமல், வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சாமான் பட்டியலில் ஒளித்து விதியைத் தாண்டினார்கள். பெயரும் சொந்தமில்லை. ஜிடிஓ என்பது ஃபெராரியின் பெயர். பந்தயத்துக்கு முறைப்படி அங்கீகாரம் பெற்ற வண்டி என்று இத்தாலிய மொழியில் பொருள். போன்டியாக்குக்கு அப்படி எந்த அங்கீகாரமும் கிடையாது. பெயரிலேயே நகல்.

குதிரைத்திறன் கணக்கும் அப்படித்தான். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைக் காடியிலிருந்து தனியே எடுத்து, துணைச் சாமான்கள் இல்லாமல் ஓடவிட்டு அளந்த எண்ணை விளம்பரத்தில் போட்டன. 1972-இலிருந்து சைலன்ஸர் முதலியவற்றைப் பொருத்திய நிலையில் அளந்த எண்ணுக்கு மாறின. அதே எஞ்சின் ஒரே இரவில் இளைத்துப்போனதுபோல் தெரிந்தது. இன்னொரு பக்கம் காப்பீட்டுக்காரர்களையும் பந்தயக்காரர்களையும் ஏமாற்ற வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன எண்களும் உண்டு. செவ்ரோலே கமாரோ இசட்/28-க்கு 290 என்று எழுதினார்கள். அதை நம்பியவர் அன்றும் இல்லை. நகல் சரியில்லை என்று சண்டை போடுகிறவர்கள் அசலின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலம் நீண்டு போகவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் இறுகியது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஜிடிஓ பிறந்து பத்து ஆண்டுக்குள் இந்த வகையின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிறகு அவை உயிரோடு இருந்தது பழைய காடி விற்பவர்களின் கொட்டகையிலும் பிள்ளைகளின் கையிலும்தான்.

பிள்ளைகளின் கைக்கு அவை இரண்டு வழியாக வந்தன. ஒன்று, பிளாஸ்டிக் கிட். ஏஎம்டி, எம்பிசி, ரெவல், மோனோகிராம் என்ற அமெரிக்கப் பெயர்கள். இவற்றின் பூர்வீகம் காடி விற்பனை நிலையம். புது மாடல் வரும்போது வாடிக்கையாளருக்குக் காட்டவும் அவர் பிள்ளைக்குக் கொடுக்கவும் 1:25 அளவில் ஒரு சின்ன உருவத்தைக் காடி நிறுவனங்களே செய்யச் சொல்லும். நிறுவனத்தின் வரைபடம் கையில் இருந்ததால் அந்த உருவங்கள் அசலுக்கு நெருக்கமாக வந்தன. அதே அச்சில் உதிரியாக ஊற்றி, ஒட்டிக்கொள்ளும்படி பெட்டியில் போட்டதுதான் ஏஎம்டியின் கிட். 1958-இல் வந்த அவர்களுடைய ஒரு பெட்டியை மூன்று விதமாகக் கட்டலாம்: கடையில் வந்தபடி, அலங்கரித்தபடி, பந்தயத்துக்குத் தயாரித்தபடி.

கிட்களின் தரம் பற்றிய புலம்பலுக்கு வேர் அந்த அச்சில்தான். எஃகு அச்சு செய்வது பெரிய செலவு. அதனால் அடுத்த ஆண்டு மாடல் வந்ததும் பழைய அச்சையே வெட்டி, சேர்த்து, திருத்திவிடுவார்கள். 1967-இன் முகம் அழிந்து 1968-இன் முகம் வரும். சில அச்சுகள் பந்தயக் காடியாக மாற்றப்பட்டு, கதவுக் கோடும் பம்பரும் போய்விட்டன. முப்பது ஆண்டு கழித்து ஆசையாக மறுபதிப்பு வாங்குகிறவருக்குக் கிடைப்பது பலமுறை அறுவைச் சிகிச்சை ஆன ஓர் உடம்பு. ஓரங்களில் பிசிறு, கதவுக் கோடு மங்கல், கூரை எங்கேயோ வளைவு. பழைய சுவடியைப் பெயர்த்தெழுதியவர்கள் செய்த திருத்தங்களைப் பாடபேதம் என்கிறோமே, அதன் பிளாஸ்டிக் வடிவம் இது.

நான் ஒரு கமாரோ கிட் கட்டியிருக்கிறேன். 1967 கமாரோவின் அசல் நீளம் 4.69 மீட்டர். 1:25-இல் அது ஏறக்குறைய 18.8 சென்டிமீட்டர். மேசையில் நன்றாக உட்காரும். எஞ்சினில் ஸ்பார்க் பிளக் வயர் வரைக்கும் சேர்க்கலாம். கழுத்து வலிக்கும், கையில் பசை ஒட்டும், வீட்டில் பெயிண்ட் வாடைக்குத் திட்டு விழும். பினாங்கு ஹாபி கடைகளில் ஜப்பானியக் கிட்தான் நிறைய. அமெரிக்கப் பெட்டி எப்போதாவதுதான் கண்ணில் படும். அதனால் இந்தத் தீவில் மசில் காரைக் கையில் வைத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வழியாகத்தான் பார்த்திருப்பார்கள்: சில வெள்ளிக்குக் கடையில் தொங்கும் வார்ப்பு உலோகக் காடி.

ஹாட் வீல்ஸ் 1968-இல் பதினாறு காடிகளோடு கடைக்கு வந்தது. மேட்டலின் எலியட் ஹாண்ட்லர் அதற்கு ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஹாரி பெண்ட்லி பிராட்லியை வடிவமைப்பாளராகக் கொண்டுவந்தார். கமாரோ, மஸ்டாங், பாராகுடா, ஃபயர்பேர்ட் எல்லாம் அந்தப் பதினாறில் உண்டு. ஆனால் அவற்றின் பெயருக்கு முன்னால் ‘கஸ்டம்’ என்ற சொல் ஒட்டியிருந்தது. அதாவது, இது கடையில் விற்ற காடி கிடையாது, கலிஃபோர்னியாவில் ஒரு பையன் வாங்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றிய காடி என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். பின்சக்கரம் பெரிது, முன்பக்கம் குனிந்திருக்கும், மேலே மிட்டாய்த்தாள் போல மின்னும் பெயிண்ட். பிறகு ஃபோர்டிலிருந்து வந்து சேர்ந்த லேரி வுட் நாற்பது ஆண்டு காலம் வரைந்தவை அசலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. அதே 1968-இல் மேட்டல் மோனோகிராம் கிட் நிறுவனத்தையும் வாங்கியது. பத்து ஆண்டு கழித்து, மேட்ச்பாக்ஸ் செய்த இங்கிலாந்தின் லெஸ்னி ஏஎம்டியை வாங்கியது. சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசும் கிட்டும் வார்ப்பும் முதலாளி வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவைதான்.

இப்போது அளவுக்கு வருவோம். ஹாட் வீல்ஸ் 1:64 என்பார்கள். கமாரோவை 64-ஆல் வகுத்தால் 7.3 சென்டிமீட்டர். சரி, கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் பத்து மீட்டருக்கு மேல் நீளமான பள்ளிப் பேருந்தையும் தீயணைப்பு வண்டியையும் அதே அட்டையில், அதே பிளாஸ்டிக் குமிழுக்குள் விற்கிறார்களே? 1:64 என்றால் பேருந்து பதினாறு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அது கமாரோ அளவுதான் இருக்கும். ஆக இங்கே அளவுகோலாக இருப்பது பொட்டலமும், கூடவே அந்த ஆரஞ்சு நிறத் தடமும். காடி தடத்தில் வழுக்கி ஓட வேண்டும், வட்டமடிக்க வேண்டும், கீழே விழாமல் வர வேண்டும். அதற்குச் சக்கரம் கொஞ்சம் பெரிதாக வேண்டும். சக்கரத்துக்கு இடம் விட வளைவு பெரிதாகும். எடை கீழே இருக்க உடம்பு தாழும். தாழ்ந்த உடம்புக்குக் கூரையை நறுக்கினால்தான் அழகு. கூரை தாழ்ந்திருக்கிறது என்று குறை சொல்கிறவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் சின்னக் கணக்கு ஒன்று. அசல் காடியில் கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 1:64-இல் அது 0.08 மில்லிமீட்டர். பெயிண்ட் பூசியதும் மூடிப்போகும். அதனால் கோட்டைப் பல மடங்கு அகலமாக்கிச் செதுக்குகிறார்கள். அளவுப்படி அது பிழை, ஆனால் அந்தப் பிழை இல்லாவிட்டால் கண்ணுக்குக் கதவே இருக்காது. கூத்துக்காரர் முகத்தில் புருவத்தை ஏன் அவ்வளவு தடிப்பாக வரைகிறார்கள் என்று கேட்டால் பின்வரிசைக்காரர் சொல்லும் பதில்தான் இதற்கும்.

தரத்தில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதைச் சேகரிப்பாளர்கள் முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டார்கள். 1968-இன் காடிகள் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் தயாராயின. ஒரே பெயர், ஒரே பெட்டி. ஆனால் அமெரிக்கக் காடியின் கண்ணாடியில் நீலச் சாயல் இருக்கும், ஹாங்காங் காடியில் தெளிவாக இருக்கும். உள்ளே இருக்கையும் ஸ்டியரிங்கும் வேறுபடும். எது நல்லது என்று இன்றைக்கும் வாதம் ஓடுகிறது. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு லியோ என்ற பெயரோடு வந்த, வயிற்றில் இந்தியா என்று பொறித்த ஹாட் வீல்ஸ் ஞாபகமிருக்கும். அவற்றின் பெயிண்ட்டைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் அலைகிறார்கள். ஆகவே, ‘யார் கை, எந்த ஊர்’ என்ற கேள்வி இந்த உலகத்துக்குப் புதிதே இல்லை. நாட்டோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

நாட்டோடு நிற்பதற்கும் ஒரு சட்டம் காரணம். வெளிநாட்டில் செய்து அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் சொல்கிறது. நாடு போதும், ஊர் வேண்டியதில்லை. அந்தச் சட்டம் கேட்ட குறைந்தபட்சத்தைத்தான் காடி தன் வயிற்றில் சுமக்கிறது.

அந்த ஊர் பிறை. ஜார்ஜ்டவுனில் பெங்காலான் வெல்டில் நின்று கடலைப் பார்த்தால் எதிர்க்கரையில் தெரியும் கிரேன்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே இருப்பது. தீவுக்காரர்களுக்குப் ‘பாலத்துக்கு அந்தப் பக்கம்’. மேட்டல் 1980களின் தொடக்கத்தில் அங்கே வந்தது, இன்றும் அங்கே ஹாட் வீல்ஸ் வார்க்கிறது. ஏன் பிறை என்பதற்குப் பினாங்கின் ஒரு நெருக்கடிதான் விடை. 1969-இல் ஜார்ஜ்டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்த ஊர் வேலையில்லாமல் திகைத்தது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை வைத்துத் தொழிற்சாலைகளை அழைக்கத் தொடங்கினார். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி எல்லாம் வந்தன. (இந்த ஏஎம்டி சிப் செய்கிற ஏஎம்டி. கிட் செய்த ஏஎம்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்ம தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) தீவு சிப்பை எடுத்துக்கொண்டது, பெருநிலம் கனமான வேலைகளை எடுத்துக்கொண்டது. 1985-இல் பாலம் திறந்தபோது இரண்டும் ஒரே வேலைச் சந்தையாகிவிட்டன.

வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தொழிற்சாலைக்குப் போகும் மலாய்ப் பெண்களை அன்றைக்கு ‘மினா காரான்’ என்று கேலி செய்தார்கள்; காரான் என்றால் மின்சாரம். அப்படிப்பட்ட பெண்களைப் பற்றி ஐவா ஓங் சிலாங்கூரில் களப்பணி செய்து 1987-இல் வெளியிட்ட புத்தகம் உலகம் முழுக்க மானுடவியல் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. செபராங் பிறையின் தமிழ்ப் பெண்களுக்கு அப்படியொரு பெயர்கூட வைக்கப்படவில்லை. அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் 19-ஆம் நூற்றாண்டில் இதே மண்ணின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் துண்டாடப்பட்டது, பிள்ளைகள் கிலாங்குப் பேருந்தில் ஏறினார்கள். தோட்டத்தைப் பற்றி நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன, பாடல்கள் இருக்கின்றன. கிலாங்கைப் பற்றி எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

என் பெரியம்மா அந்தப் பேருந்தில் ஏறியவர். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, விடியற்காலை நாலரைக்கு. அவர் இருந்தது அச்சுப் பகுதி. எந்த கிலாங் என்பது இங்கே முக்கியமில்லை, வேலை முக்கியம். இந்தத் தொழிலில் அதற்கு டாம்போ என்று பெயர். துத்தநாகக் கலவையை உருக்கி எஃகு அச்சில் அழுத்தினால் காடியின் மேலுடம்பு வரும். ஸமாக் என்று அந்த உலோகத்துக்குப் பெயர், நானூறு டிகிரிக்கும் கீழேயே உருகிவிடும். துத்தநாகம் சுத்தமாக இல்லாமல் ஈயம் கலந்துவிட்டால் சில ஆண்டுகளில் காடி உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாகும். போருக்கு முந்தைய பொம்மைகள் பல அப்படிப் போயின. வார்த்ததைக் கற்களோடு உருட்டிப் பிசிறு நீக்கி, பெயிண்ட் அடித்து, பிறகு டாம்போவுக்கு அனுப்புவார்கள். செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒரு சிலிக்கோன் மெத்தை ஒற்றி எடுத்து, காடியின் முதுகில் வைக்கும். பந்தயக் கோடு, எண், முத்திரை, எல்லாம் அப்படி. ஒரு நிறத்துக்கு ஒரு ஒற்று. அதற்குப் பிறகுதான் கண்ணாடி, இருக்கை, சக்கரம், அடித்தகடு எல்லாம் சேர்ந்து ஆணி அடைபடும்.

“அது என்னா காடின்னு யாருக்குத் தெரியும்?” என்றார் பெரியம்மா. “நீலத்துல வெள்ளக் கோடு ரெண்டு. செவப்புல கறுப்புக் கோடு. கோடு கோணலா இருந்தா கண்ணு தானா அங்க போய் நின்னுரும். எடுத்து ஓரமாப் போட்டுருவோம்.”

எவ்வளவு கோணல் என்று கேட்டேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார். நடுவில் வெளிச்சம் நுழையவில்லை. அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1:64-இல் அரை மில்லிமீட்டர் பிசகினால் அசல் காடியில் அது 3.2 சென்டிமீட்டர்.

கைபேசியில் ஒரு 1969 கமாரோவின் படத்தைக் காட்டினேன். இதுதான் நீங்க கோடு போட்ட காடி, இது பெருசு, எஞ்சின் உள்ளது, லட்சக்கணக்குல விலை என்றேன். அவர் இரண்டு விரலால் படத்தை விரித்து, எஞ்சின் மூடியின் மேலிருந்த வெள்ளைக் கோடுகளை மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பக்கம் கோடு எறங்கியிருக்கு பாரு. நாங்க இத விடமாட்டோம்.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்தக் கோடுகளை அமெரிக்க ஆலையில் டேப் ஒட்டிக் கையால் மறைத்து, ஓடும் வரிசையில் நின்றுகொண்டு பெயிண்ட் அடித்தார்கள். பல காடிகளில் கோணலாகத்தான் வந்தது. இன்று பழைய மசில் காரைப் புதுப்பிக்கிறவர்கள் அந்தக் கோணலையும் அப்படியே திரும்பச் செய்ய வேண்டுமா, நேராக்க வேண்டுமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அசல் காடியை வாழ்நாளில் நேரில் பார்க்காத ஒருவர் அசலைவிட நேரான கோட்டை ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறார். இதை எந்தத் தரப்பட்டியலில் சேர்ப்பது?

அசல் கமாரோவுக்கும் வயிறு உண்டு, அங்கேயும் எழுத்து உண்டு. இதைத் தெரிந்துகொண்டபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. 1967 கமாரோவின் அடையாள எண்ணின் நடுவில் ஓர் ஆங்கில எழுத்து வரும். ‘என்’ என்றால் ஒஹாயோவின் நோர்வுட் ஆலை, ‘எல்’ என்றால் லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் ஆலை. எஞ்சினின் முன்பக்கத் திட்டில் இன்னொரு எழுத்து: ‘வி’ என்றால் ஃபிளின்ட்டில் பூட்டியது, ‘டி’ என்றால் டோனவாண்டாவில் பூட்டியது. அதற்குப் பக்கத்தில் மாதமும் தேதியும். எஞ்சின் வார்ப்பிலேயே மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு எண், ஆண்டுக்குக் கடைசி இலக்கம். கோடி ரூபாய் கொடுத்து மசில் கார் வாங்குகிறவன் முதலில் அதைத்தான் குனிந்து பார்க்கிறான், லோரோங் கூலிட்டில் குந்தியிருப்பவரைப் போலவே. எண்கள் ஒத்துப்போனால் விலை பல மடங்கு. 1971-இன் ஹெமி குடா திறந்த காடி மொத்தம் பதினொன்றுதான் செய்யப்பட்டது; அதில் ஒன்று 2014-இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு பெரும்பங்கு உலோகத்தில் குத்தப்பட்ட அந்த எழுத்துகளுக்கான விலை.

நோர்வுட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1987-இல் மூடியது. வான் நைஸ் ஆலையை 1992-இல் மூடியது. அந்த ஆண்டுகளில் பிறையில் கமாரோ வார்ப்பது நிற்கவில்லை. நோர்வுட்டின் தொழிலாளிக்கு ஒரு ‘என்’ மிஞ்சியது. அவர் பேரன் எந்தக் கமாரோவையும் கவிழ்த்து, இது எங்க ஊரு என்று காட்டலாம். எந்த மாதம் என்றுகூடச் சொல்லலாம். கிரில், முத்திரை, பந்தயக் கோடு என்று டெட்ராய்டின் எத்தனையோ நுணுக்கங்களைச் சிறிதாக்கிக் கொண்டுவந்தவர்கள் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் சிறிதாக்கவில்லை.

வயிற்றில்தான் ஆண்டு இருக்கிறதே என்பீர்கள். அது செய்த ஆண்டு கிடையாது. அந்த அச்சுக்குப் பதிப்புரிமை எடுத்த ஆண்டு. அச்சு ஓடும்வரை அந்த எண்ணும் ஓடும். என்னிடம் இருக்கும் ஒரு கமாரோவின் வயிற்றில் 1982 என்றிருக்கிறது. அதன் சக்கரமும் பெயிண்ட்டும் 1990களுக்கு உரியவை. புதிதாகச் சேகரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் இந்தக் குழியில் விழுவார்கள், 1982 என்று போட்டு விலை ஏற்றிச் சொல்கிறவர்களும் உண்டு. பழகியவர்கள் ஆண்டை நம்பாமல் சக்கர வகை, அடித்தகடு உலோகமா பிளாஸ்டிக்கா, டாம்போ எந்த வரிசை என்று பார்த்துக் காலத்தை நிர்ணயிக்கிறார்கள். எழுத்தமைதியை வைத்துக் கல்வெட்டின் நூற்றாண்டைச் சொல்வதுபோல.

இப்படிப் பார்த்தால், அந்த வயிற்றிலுள்ள மூன்று விவரங்களில் காடியின் பெயர் இங்கே ஓடாத ஒரு வண்டியுடையது, ஆண்டு செய்த ஆண்டில்லை, நாடு ஒரு சுங்கச் சட்டத்துக்காக எழுதியது. பினாங்கின் சாலையில் இடப்பக்க ஸ்டியரிங் வைத்த கமாரோவைப் பார்த்தவர் எத்தனை பேர்? மோரிஸ் மைனர் பார்த்திருப்போம், டட்சன் பார்த்திருப்போம். 1985-இல் நம்ம சொந்தக் காடி என்று வந்த புரோட்டோன் சாகாவும் மிட்சுபிஷி லான்சரின் உடம்புதான். நகலோடு வாழ்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எல்லாம் தலைகீழாக நடப்பதும் உண்டு: 1969-இல் ஐரா கில்ஃபோர்ட் பொம்மையாகவே கற்பனை செய்த ‘ட்வின் மில்’ காடியை, 2001-இல் ஓட்டக்கூடிய முழு அளவில் கட்டினார்கள். அங்கே பொம்மைதான் அசல். பெரிய காடி அதற்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள்.

2008-இலிருந்து ஹாட் வீல்ஸ் வயிற்றில் ஒரு சின்னக் குறி சேர்ந்திருக்கிறது. ஓர் ஆங்கில எழுத்து, இரண்டு இலக்கம். எழுத்து ஆண்டைச் சொல்லும்: 2008-க்கு ‘ஏ’, 2009-க்கு ‘பி’, இப்படியே மேலே. இலக்கம் அந்த ஆண்டின் வாரம். தொழிற்சாலை தன் தரக் கணக்குக்காகப் போட்டது. நம் பக்கத்து வரலாற்றுக்கு அது தற்செயலாகக் கிடைத்த கொடை. பெரியம்மாவின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவர் கைபட்ட காடி எது என்று சொல்ல இனி வழியில்லை. வேலையில் இருந்த பெண்களில் பலர் எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பகுதியில் எத்தனை பேர், எந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பேருந்து, எந்த நிறம் ஓடிய வாரம் யாருக்கு ஓவர்டைம் கிடைத்தது என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. ஒரு ரெக்கார்டரும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் போதும். இலக்கியம் படிக்கிற நமக்கு அதைவிட அவசரமான வேலை என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மகன் விளையாடிப் போட்ட காடிகளில் மலேசியா என்று பொறித்தவற்றைப் பொறுக்கி, குறிகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறேன். அதில் ஒன்று, ஒரு கண்ணாடி உடைந்த மஸ்டாங், ‘எச்46’. 2015-இன் நாற்பத்தாறாவது வாரம். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன், நவம்பர் 9 திங்கள் தொடங்கும் வாரம். செவ்வாய்க்கிழமை தீபாவளி. இது திங்கள் செய்ததா புதன் செய்ததா என்பது குறியில் இல்லை.